மிளகு மில் சுற்றாமல் நின்றால்: மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கொடைக்கானலில் ஐப்பசி பிறந்து மழையும் மஞ்சும் மாறி மாறி இறங்க ஆரம்பித்தால் அடுக்களையில் எல்லாமே ஈரம் குடிக்கும். கல் உப்பு ஜாடிக்குள் நீர் விடும், அப்பளம் நமுத்துப்போகும், கையால் திருகி மிளகைப் பொடியாக்கும் சின்னக் கருவியான மிளகு மில், நேற்று வரை நன்றாக ஓடியது, பாதிச் சுற்றில் நின்றுவிடும். கீழேயிருந்து வந்து இங்கே வீடு எடுத்தவர்களும், புதிதாக ஹோம்ஸ்டே திறந்தவர்களும் மில் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டி வேறொன்று வாங்கிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதுவும் நின்றுவிடும். இந்த மலையில் நான் பார்த்தவரை, பத்தில் ஏழெட்டு மில்களுக்கு எந்தக் குறையும் இருப்பதில்லை. உள்ளே இருக்கும் மிளகுதான் ஈரமாக இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுற்றாத மில்லை வம்படியாகச் சுற்றாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினால் நடுக்கம்பி முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் தலைப்பகுதியின் சதுர ஓட்டை தேய்ந்து வட்டமாகிவிடும். ஈரத்தால் நின்ற மில்லை அரை மணி நேரத்தில் ஓட வைக்கலாம். வட்டமாகிப்போன ஓட்டையைச் சரிசெய்வது பெரும்பாடு.

உள்ளே என்ன இருக்கிறது

மரத்தில் செய்த சாதாரண மில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உச்சியில் சின்ன உலோகக் குமிழ் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் தலைப்பகுதி தனியே வரும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பி ஓடும், அதன் மேல்பாதி சதுரமாக இருக்கும். தலைக்கு அடியில் பதித்த தகட்டில் அதே அளவுக்குச் சதுர ஓட்டை. தலையைத் திருப்பும்போது கம்பியும் சேர்ந்து திரும்புவது இதனால்தான்.

கம்பியின் கீழ்முனையில் பல் வெட்டிய கூம்பு. அதைச் சுற்றி, உடம்போடு அசையாமல் நிற்கும் பல் வெட்டிய வளையம். கூம்பு சுற்றும், வளையம் நிற்கும், இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிற மிளகு பொடியாகும். ஒரு ஸ்பிரிங் கூம்பைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். உச்சிக் குமிழை இறுக்கினால் கம்பி மேலே இழுபட்டுக் கூம்பு வளையத்தை நெருங்கும், பொடி நைசாக விழும். தளர்த்தினால் கொரகொரவென்று விழும்.

பிரான்சின் பெஜோ குடும்பம், பின்னாளில் கார் செய்தார்களே அதே பெஜோதான், 1874இல் தங்கள் முதல் மிளகு மில்லைக் கொண்டுவந்தது. அவர்கள் கூம்பில் இரண்டு வகைப் பற்கள் உண்டு. மேலே உள்ள பெரிய பள்ளங்கள் மிளகைக் கவ்விப்பிடித்து உடைக்கும், கீழே உள்ள சின்னப் பற்கள் உடைந்ததைப் பொடியாக்கும். இன்று கிடைக்கும் நல்ல மில்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடைப்பு வருவது பெரும்பாலும் அந்தச் சின்னப் பற்களில்தான். மேலே எவ்வளவு தட்டினாலும் அந்த இடத்துக்கு அது போய்ச் சேராது.

கழற்றுவதற்கு முன்

முதலில் குமிழை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். நைசாக வேண்டும் என்று யாராவது முழுக்க இறுக்கி வைத்திருப்பார்கள், கூம்பும் வளையமும் ஒன்றோடொன்று உரசி நிற்கும். தளர்த்தியதுமே ஓடினால் கதை முடிந்தது.

ஓடவில்லையா, தலையை எதிர்ப்பக்கமாக அரைச்சுற்றுத் திருப்புங்கள். பல்லுக்கு நடுவில் குறுக்கே மாட்டிய பெரிய மிளகோ, காம்புத் துண்டோ, களத்தில் காயவைத்தபோது சேர்ந்துவந்த சிறுகல்லோ இதில் பின்வாங்கும். பிறகு மில்லைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையால் அடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நிமிர்த்தி மறுபடி சுற்றிப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் குமிழைக் கழற்றி, தலையை எடுத்து, மிளகு முழுவதையும் ஒரு தட்டில் கொட்டுங்கள். காலி மில்லில் தலையை மாட்டிச் சுற்றுங்கள். காலியாக இருக்கும்போது லேசாகச் சுற்றினால் குறை மிளகில்தான். காலியாக இருந்தும் இறுக்கமாக இருந்தால் பல்லில் அடைப்பு, இல்லையென்றால் கழுத்து மரம் ஊதியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கத் தலையைத் தூக்கிவிட்டு, கம்பியை மட்டும் விரலால் பிடித்துத் திருப்புங்கள். கம்பி தாராளமாகச் சுற்றினால் கழுத்து. கம்பியே முரண்டு பிடித்தால் பல்.

தட்டில் கொட்டிய மிளகையும் அப்படியே விட்டுவிட வேண்டாம். ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பாருங்கள். காய்ந்த மிளகு ‘டக்’கென்று இரண்டாக உடையும். ஈரம் ஏறியது சத்தமில்லாமல் நசுங்கும். நசுங்குகிற மிளகைத் திரும்ப மில்லில் போடவே போடாதீர்கள்.

பச்சரிசி வைத்தியம்

பல்லில் லேசான அடைப்புதான் என்றால் கழற்றாமலே தீர்க்கலாம். ஒரு தேக்கரண்டி காய்ந்த பச்சரிசியைக் காலி மில்லில் போட்டு, குமிழை நன்றாகத் தளர்த்தி, மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் விழும் அரிசிக் குருணை சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும். போகப்போக வெளுக்கும். வெள்ளையாக விழ ஆரம்பித்ததும் நிறுத்திக்கொள்ளலாம். புழுங்கலரிசி வேண்டாம், அது இன்னும் கெட்டி, பல்லுக்கு வீண் வேலை. பிளாஸ்டிக் பல் உள்ள மில்லில் அரிசியே போடக் கூடாது.

கம்பி துளிகூட அசையவில்லை என்றால் அரிசி போட்டு என்ன பயன்? திறந்துதான் ஆக வேண்டும்.

அடியைத் திறப்பது

ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்க்ரூ கறுப்புத் தரையில் விழுந்தால் தேடிக்கொண்டிருக்க நேரிடும். தேவையானவை அதிகமில்லை: ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பழைய பல் துலக்கும் பிரஷ், சில பல்குத்திகள்.

மில்லைக் கவிழ்த்தால் அடியில் ஒரு பட்டைத் தகடு குறுக்கே ஓடும், அல்லது வட்டத் தகடு இருக்கும். இரண்டு ஸ்க்ரூ, சிலவற்றில் மூன்று. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றைக் கழற்றியதும் இன்னொரு படம். ஸ்பிரிங் கூம்புக்கு மேலேயா கீழேயா, வாஷர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் திரும்பப் பூட்டும்போதுதான் குழப்பும். குமிழையும் தலையையும் எடுத்த பிறகே அடித் தகட்டைக் கழற்றுங்கள். அப்படிச் செய்தால் கம்பி, கூம்பு, ஸ்பிரிங் எல்லாம் ஒரே கொத்தாகக் கீழ்ப்பக்கம் வழியாக வந்துவிடும்.

இப்போது கூம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே உள்ள பெரிய பள்ளங்களில் உடைந்த மிளகுத்தோல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதினாலே போய்விடும். கீழே இறங்க இறங்கக் கறுப்புப் பசை. சின்னப் பற்களின் இடுக்குகள் தூர்ந்து, கூம்பின் விளிம்பு பல்லே வெட்டாததுபோல வழவழவென்று தெரியும். நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும், நகக்கண்ணில் அந்த வாசம் சாயங்காலம் வரை இருக்கும். மிளகின் எண்ணெயும் பிசினும் தோல் தூளோடும் ஈரத்தோடும் சேர்ந்து இறுகினதுதான் இது.

இதைத் தண்ணீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கரையாது. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினுக்கும் அந்தப் பிசினுக்கும் தண்ணீர் சேராது. ஆகவே முதல் வேலை உலர்ந்த கையால்தான். பல்குத்தியின் முனையைப் பல் இடுக்கின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ஒவ்வொரு இடுக்காகப் போங்கள், பொறுமையாக. அப்புறம் பிரஷ். வளையத்தின் உள்பக்கத்துக்கும் இதே கவனிப்பு வேண்டும். எல்லாரும் கூம்பைப் பளபளவென்று ஆக்கிவிட்டு வளையத்தை மறந்துவிடுகிறார்கள், பாதிப் பசை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். குண்டூசி, கத்தி முனை எல்லாம் வேண்டாம். எஃகுப் பல்லில் கீறல் விழும், பீங்கான் பல் சில்லு பெயரும்.

பீங்கான் என்றால் பிரஷ் போட்ட பிறகு வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் விட்டுத் தாராளமாகக் கழுவலாம். எஃகைக் கழுவாமல் இருப்பதே நல்லது. பிசுக்கு போகவே இல்லை என்றால் சோப்பு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெறும் ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, அடுப்பு அணைத்த பிறகு பக்கத்தில் சூட்டோடு வைத்து ஈரத்தை விரட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் ‘தானே காயட்டும்’ என்று ஜன்னலோரம் வைத்தால் காயாது, துருதான் பிடிக்கும். மர உடம்பைத் தண்ணீரில் முக்கவே கூடாது.

பல்லில் செம்மஞ்சளாக லேசான துரு இருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு கரண்டி பச்சரிசி ஓட்டினால் போய்விடும். பல்லே அரித்துக் குழி விழுந்திருந்தால் அந்த மில்லின் அரைக்கும் பகுதி முடிந்தது. துருவுக்குக் காரணம் பெரும்பாலும் உப்பு. எஃகுப் பல் உள்ள மிளகு மில்லில் ஒரு தடவைகூட உப்பு போடாதீர்கள். நம் வீட்டுக் கல் உப்பு எந்த மில்லுக்குமே ஆகாது, அதில் ஈரம் எப்போதும் உண்டு. உப்பு மில் வேண்டும் என்றால் பீங்கான் பல், அதில் நன்றாகக் காய்ந்த இந்துப்பு.

எண்ணெய் விடலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். பல்லுக்கு வேண்டாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் மிளகுத் தூளோடு சேர்ந்து பழைய பசையைவிட மோசமான பசையாகும், சிக்கு நாற்றமும் அடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் சாப்பாட்டில் கலக்கக் கூடாத சமாச்சாரம். மிளகு அரைபட அரைபட அதன் எண்ணெயே பல்லுக்குப் போதும்.

படங்களைப் பார்த்துக்கொண்டே திரும்பப் பூட்டுங்கள். இரண்டு ஸ்க்ரூவையும் பாதி வரை ஏற்றிவிட்டு, பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் தகடு சாய்ந்து கூம்பு ஒரு பக்கமாக உரசும். மரத்தில் ஏறும் ஸ்க்ரூ என்பதால் ரொம்ப முறுக்கவும் வேண்டாம். ஓட்டை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் ஒரு பல்குத்தியை மரம் ஒட்டும் பசையில் தொட்டு உள்ளே செருகி, உடைத்துவிட்டு, காய்ந்ததும் ஸ்க்ரூவை ஏற்றினால் கெட்டியாகப் பிடிக்கும். கொஞ்சம் மிளகு போட்டு ஒரு வெள்ளைத் தாளில் அரைத்துப் பாருங்கள். முதல் சுற்றில் வருவதைக் கொட்டிவிட்டு, அப்புறம் குமிழை உங்களுக்குப் பிடித்த பதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கழுத்து இறுகினால்

தலையும் உடம்பும் சேருகிற இடத்தில் மரம் மரத்தோடு சுற்றுகிறது. மஞ்சு இறங்கும் மாதங்களில் அந்த மரம் ஈரத்தை இழுத்து ஊதும். முதலில் கீச்சென்று சத்தம் வரும், அப்புறம் இறுகும். இதற்குத் தேன்மெழுகு போல வேறொன்று இல்லை. மலையில் தேன் விற்கிற கடைகளில் கேட்டால் மெழுகும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் சாதா மெழுகுவர்த்தி போதும். தலையின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டத்தில் தேய்த்து, துணியால் அழுத்தித் துடைத்து, மாட்டிச் சுற்றுங்கள்.

மெழுகுக்கும் அடங்கவில்லை என்று உப்புத்தாளை எடுப்பவர்கள் தயவுசெய்து மாசி மாதம் வரை பொறுங்கள். ஐப்பசியில் தேய்த்துச் சரியாக்கினால், வெயில் காலத்தில் மரம் சுருங்கித் தலை தொளதொளவென்று ஆடும். தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. நல்ல வெயில் அடித்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால் 220 எண் தாளால் லேசாகத் தேய்க்கலாம்.

மிளகைக் கவனியுங்கள்

பழுது பார்ப்பதைவிட இதுதான் முக்கியம். கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம், காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கமும் அப்படித்தான். கொத்தில் ஒன்றிரண்டு காய் பழுத்துச் சிவந்ததும் பறித்து, வெயிலில் உலர்த்துவார்கள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். அவ்வளவு ஈரம் போக வேண்டும். நூற்றுக்குப் பத்து, பதினொன்று என்ற அளவுக்கு ஈரம் இறங்கினால்தான் மிளகு கெடாமல் நிற்கும், மில்லிலும் சுத்தமாக உடையும். வெயில் சரியாகக் கிடைக்காத வருடத்தில் அவசரத்துக்கு மூட்டை கட்டிய மிளகு வெளியே கறுப்பாகச் சுருங்கியிருந்தாலும் உள்ளே மெத்தென்றுதான் இருக்கும்.

தோட்டத்து மிளகு என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணே, இது இந்த வருசத்துக் காயா? எத்தனை வெயில் காட்டினீங்க?” நேர்மையானவர் “இன்னும் ரெண்டு வெயில் காட்டுங்க தம்பி” என்று அவரே சொல்லிவிடுவார். ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் வர வேண்டும். ரொம்பப் பருமனான மிளகு ரசத்துக்கும் இடிப்பதற்கும் அருமை, சின்ன மில்லுக்கு அது ஆகாது. ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டும் மணிகள் குட்டி மில்லின் வாயிலேயே உருண்டுகொண்டிருக்கும், பல்லுக்குள் இறங்காது. சுற்றுகிறது, பொடி வரவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும். உள்ளீடற்ற பொக்கு மிளகையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அது தூளாகிப் பசைக்குத்தான் வழி செய்யும்.

வாங்கியதை ஒரு தாம்பாளத்தில் பரப்பி இரண்டு நாள் வெயில் காட்டிவிட்டு, இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். வெயிலே இல்லாத நாளில் இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு மிளகைப் போட்டுக் கிளறலாம். கை பொறுக்கும் சூடுதான் கணக்கு. வாசம் கிளம்பி வீடு நிறைகிறது என்றால் அந்த அளவுக்கு மிளகிலிருந்து போய்விட்டது என்று அர்த்தம். முழுக்க ஆறிய பிறகே பாட்டிலிலோ மில்லிலோ போட வேண்டும். சூட்டோடு போட்டு மூடினால் உள்ளே வேர்க்கும்.

மில்லைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு போட்டால் போதும், மீதி பாட்டிலிலேயே இருக்கட்டும். அடுப்புக்கு மேல் தட்டில் மில்லை வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வெளியே வந்ததும் நீர் பூக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக மில்லைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. கொதிக்கிற ரசத்துக்கு மேலேயே, ஆவி பறக்கிற பொங்கலுக்கு மேலேயே மில்லைப் பிடித்துச் சுற்றுவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அத்தனை ஆவியும் அடி வழியாக நேரே பல்லுக்குள் ஏறும். ஒரு சின்னத் தட்டிலோ உள்ளங்கையிலோ அரைத்து, அதைத் தூவுங்கள். ஹோம்ஸ்டே, ஹோட்டல் நடத்துகிறவர்கள் சமையற்காரருக்கு இந்த ஒன்றைச் சொல்லிப் பழக்கினாலே மில் வருடக்கணக்கில் உழைக்கும்.

நின்றுபோன மில்லிலிருந்து கொட்டிய ஈர மிளகை முகர்ந்து பாருங்கள். வாசம் சரியாக இருந்து, மேலே வெள்ளைப் பூப்பும் இல்லை என்றால் காயவைத்து இடித்துக்கொள்ளலாம். பூஞ்சை கண்ணில் பட்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

மற்ற வகைகள்

கண்ணாடி உடம்பும் மேலே மூடியும் உள்ளவை இப்போது நிறையப் புழங்குகின்றன. அவற்றில் அரைக்கும் பல் மேல்பக்கம் இருக்கும், பெரும்பாலும் பீங்கான். நடுவில் உள்ள திருகைத் தளர்த்தினால் உள்கூம்பும் ஸ்பிரிங்கும் தனியே வரும். சுத்தம் செய்வது மேலே சொன்னபடிதான். கடையில் மிளகோடு சேர்த்து விற்கும் பிளாஸ்டிக் மில் ஒருமுறைப் பயனுக்கானது. அதன் தலையை வெந்நீரில் சற்று வைத்தால் பிளாஸ்டிக் இளகிக் கழன்று வரும், மறுபடி நிரப்பவும் முடியும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பல் தேய்ந்து தூளோடு சேர்ந்து விழும் என்பதால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

பேட்டரி மில் நின்றால் முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உலர்ந்த துணியால் சுரண்டித் துடைத்துவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் பல் சுற்றவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் போயிருக்கும், அதற்கு வீட்டில் வைத்தியமில்லை.

தலை மட்டும் சுற்றிக் கம்பி நின்றால் சதுர ஓட்டை தேய்ந்திருக்கிறது. குமிழின் மரை போயிருந்தால் அது வழுக்கிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. இரண்டுக்குமே கம்பியையும் தலையையும் எடுத்துக்கொண்டு பஜாரில் குக்கர், ஸ்டவ் ரிப்பேர் செய்கிறவரிடம் போங்கள். ஓட்டைக்குள் மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்துச் செருகித் தருவார், குமிழுக்குப் பதில் அந்த மரைக்குச் சேரும் நட் ஒன்றைத் தேடி மாட்டுவார். அங்கே நட் கிடைக்காவிட்டால் கீழே இறங்கும்போது வத்தலக்குண்டு ஹார்டுவேர் கடையில் கம்பியைக் காட்டி வாங்கலாம்.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் கடையிலேயே கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஸ்க்ரூ தெரிகிற மில்லை வாங்குங்கள். ஒட்டியோ அழுத்தியோ மூடியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள், அதைத் திறந்து சுத்தம் செய்ய வழியில்லை.